உமிச்சாம்பல் வெளுத்த கதை

ஆரணியில் நாங்கள் இருந்த தெருவில் மொட்டைமாடியில் வெள்ளைத் துணி காயப்போட மாட்டார்கள். நெல் அவிக்கிற நாட்களில் அரிசி மில் புகைபோக்கியிலிருந்து கருப்புத் துகள்கள் பறந்து வந்து படியும். தட்டிவிட்டால் போகும், தேய்த்தால் மை மாதிரி ஒட்டிக்கொள்ளும். அப்பா அப்படி ஒரு மில்லில் 25 வருடத்துக்கு மேல் பாய்லர் ஆளாக இருந்தவர். உமியை அள்ளி அடுப்பில் தள்ளுவது, நீராவி முள்ளைப் பார்ப்பது, அடியில் சேர்ந்த சாம்பலை வாரி வெளியே கொட்டுவது என்று போகும் அவருடைய நாள். வீட்டுக்கு வரும்போது புருவத்தில்கூடச் சாம்பல் இருக்கும்.

வேதியியல் எம்.எஸ்சி. படித்தபோது ஆய்வுக்கு என்ன பொருள் என்று கேட்டார்கள். நான் யோசிக்காமல் உமி என்றேன். உமியிலிருந்து தூய்மையான சிலிக்கா எடுப்பதுதான் தலைப்பு. நான் பிறந்ததிலிருந்து பார்த்த பொருள், செலவில்லாமல் கிடைக்கிற பொருள், இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். 7 மாதம் ஆனது. அந்த 7 மாதத்தில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

100 கிலோ நெல்லை அரைத்தால் ஏறக்குறைய 20 கிலோ உமி வரும். அந்த 20 கிலோ உமியை எரித்தால் சுமார் 4 கிலோ சாம்பல் மிஞ்சும். விறகை எரித்தால் இவ்வளவு சாம்பல் வராது, நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். உமிக்கு மட்டும் ஏன் இவ்வளவு என்றால், அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சிலிக்கா. அதாவது மணலில் இருக்கிற அதே வேதிப்பொருள். நெற்பயிர் மண்ணில் கரைந்திருக்கும் சிலிசிக் அமிலத்தை வேர் வழியாக உறிஞ்சுகிறது. அதற்கென்றே வேரில் இருக்கும் கடத்திப் புரதத்துக்கான மரபணுவை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006-ல் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். உறிஞ்சிய நீர் இலையிலிருந்தும் உமியிலிருந்தும் ஆவியாகிவிடும், கரைந்து வந்த சிலிக்கா அங்கேயே தங்கிவிடும். உமியின் வெளிப்பக்கத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் வரிசை வரிசையாக மேடுகள் தெரியும். சிலிக்கா அதிகமாகக் குவிந்திருப்பது அந்தப் பக்கம்தான். நெல்லைக் கையில் வைத்துத் தேய்த்தால் சொரசொரவென்று அறுக்கிறதே, அதற்கும் இதுதான் காரணம்.

எரித்தால் கரி போய்விடும், சிலிக்கா மிஞ்சும். பாடப்புத்தகத்தில் அவ்வளவுதான். நானும் உமியைக் கழுவி, காயவைத்து, சூட்டைத் தாங்கும் சிறு கிண்ணமான மூசையில் போட்டு, மின்சார உலையில் 600 டிகிரி செல்சியஸில் 4 மணி நேரம் வைத்தேன். வெளியே எடுத்தால் சாம்பல் நிறம், நடுநடுவே கருப்புப் புள்ளிகள். சரி, நேரம் போதவில்லை என்று 8 மணி நேரம் வைத்தேன். புள்ளிகள் அப்படியே இருந்தன. வெப்பத்தைக் கூட்டிப் பார்க்கச் சொன்னார்கள். 900 டிகிரிக்குப் போனேன். புள்ளிகள் இன்னும் கெட்டியாக, கண்ணாடிக்குள் அடைபட்ட மாதிரி நின்றன.

வீட்டுக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"சாம்பல் கருப்பா வந்தா காத்து பத்தலன்னு அர்த்தம், பாப்பா. கிளறி விட்டியா?"

கிளறிப் பார்த்தேன், காற்றைக் குழாய் வைத்து ஊதியும் பார்த்தேன். கொஞ்சம் தேறியது, ஆனால் வெளுக்கவில்லை. அப்பா சொன்னது சரிதான், கரிக்குக் காற்று போய்ச் சேரவில்லை. ஆனால் வழியை மறித்தது எது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

மறித்தது பொட்டாசியம். எல்லாப் பயிரிலும் இருப்பது, உரமாக நாமே போடுவது. உமிச்சாம்பலில் நூற்றில் இரண்டு மூன்று பங்கு பொட்டாசியம் ஆக்சைடு இருக்கும். அளவைப் பார்த்தால் அற்பம். ஆனால் சுத்தமான சிலிக்கா உருக 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும், பொட்டாசியம் கலந்துவிட்டால் 800 டிகிரிக்கும் கீழேயே இளகத் தொடங்கிவிடும். உமி எரியும்போது சிலிக்காவின் மேற்பரப்பு அங்கங்கே இளகி, நுண்துளைகளை மெழுகி மூடிவிடுகிறது. உள்ளே இன்னும் எரியாத கரி அப்படியே சிறைப்படும். அப்புறம் எத்தனை மணி நேரம் வைத்தாலும் ஆக்சிஜன் அதைத் தொடாது. வெப்பத்தைக் கூட்டினால் இளகல் அதிகமாகி மூடி இன்னும் இறுகும். நான் 900 டிகிரியில் செய்தது அதுதான்.

பொருள் படிகமா இல்லையா என்று காட்டும் எக்ஸ்கதிர்ச் சோதனை முடிவு வந்ததும் இன்னொரு கேடும் தெரிந்தது. 600 டிகிரி சாம்பலின் வரைபடத்தில் 22 டிகிரிக் கோணத்தை ஒட்டி அகலமான, மழுங்கிய மேடு ஒன்று இருந்தது. படிகமாகாத சிலிக்காவின் அடையாளம் அது. 900 டிகிரிச் சாம்பலில் அதே இடத்தில் ஊசி மாதிரி ஒரு முனை. கிறிஸ்டோபலைட் என்ற படிகமாக மாறியிருந்தது. பொட்டாசியம் இருந்தால் இந்த மாற்றமும் முன்கூட்டியே நடந்துவிடும். படிகமாகிவிட்ட சிலிக்கா சுண்ணாம்போடும் காரத்தோடும் எளிதில் வினைபுரியாது. பயனுள்ள பொருளை நானே சுட்டுச் சுட்டு மணலாக்கிவிட்டேன்.

சரி, அழுக்கு பொட்டாசியம் என்றால் அமிலத்தில் கழுவினால் போய்விடுமே என்று சாம்பலை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்தேன். ஒரு மாதம் இதில் போனது. கரி போகவில்லை, நுண்துளைகளின் உட்சுவரையும் சேர்த்துக் கணக்கிடும் பரப்பளவும் கூடவில்லை. கண்ணாடியாக இறுகியதற்குள் இருக்கும் பொட்டாசியத்தை அமிலத்தால் முழுசாக வெளியே இழுக்க முடியாது. கையில் இருந்தது பொருத்தமான அமிலம்தான், நான் அதைப் போட்ட நேரம்தான் தப்பு.

அந்தச் சமயத்தில்தான் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 1996-ல் வெளியிட்ட ஒரு கட்டுரை கைக்குக் கிடைத்தது. உமியை முதலில் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி, பிறகு 600 முதல் 800 டிகிரிக்குள் எரித்தால், கிடைக்கும் சிலிக்காவுக்கு ஒரு கிராமுக்குச் சுமார் 260 சதுர மீட்டர் பரப்பளவு. முதலில் எரித்துவிட்டுப் பிறகு அமிலத்தில் கழுவினால் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 1 சதுர மீட்டர். அதே உமி, அதே அமிலம், அதே உலை. முன்னே செய்வதைப் பின்னே செய்ததால் 260 என்பது 1 ஆகிவிடுகிறது. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். 260 சதுர மீட்டர் என்றால் நம் கணக்கில் ஆறரை சென்ட் நிலம். ஒரு கிராம் வெள்ளைத் தூளுக்குள் ஆறரை சென்ட் மடங்கிக் கிடக்கிறது. நாங்கள் அப்போது குடியிருந்த வீட்டின் மனையே அவ்வளவு இருக்காது.

மறுநாளே ஆரம்பித்தேன். 50 கிராம் உமி, 1 லிட்டர் 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஆய்வகத்தில் அமிலப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டுக்குள் ஒரு மணி நேரக் கொதி. அமிலம் சிலிக்காவைக் கரைக்காது, இந்த முறையின் பலமே அதில்தான் இருக்கிறது. பொட்டாசியம், சோடியம், கால்சியம், மெக்னீசியம், மாங்கனீசு, இரும்பு எல்லாம் அமிலத்தோடு போய்விடும். கொஞ்சம் பொட்டாசியம் வெறும் தண்ணீரிலேயே கரையக்கூடியது. மீதி உலோகங்களில் பல உமியின் நார்ப்பகுதியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி போய் அந்த இடத்தில் உட்கார்ந்து அவற்றைக் கிளப்பிவிடும். கூடவே நாரில் எளிதாக உடையக்கூடிய ஹெமிசெல்லுலோஸ் சர்க்கரைகளாக உடைந்து கரையும். அதனால் கழுவிய உமி பொன்னிறம் போய்ப் பழுப்பாகிவிடும், தொட்டால் நொறுங்கும். கந்தக அமிலத்திலும் செய்யலாம். ஆனால் அதில் உண்டாகும் கால்சியம் சல்ஃபேட் தண்ணீரில் சரியாகக் கரையாது என்பதால் கால்சியம் உள்ளேயே தங்கிவிடும். அதனால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

கழுவுவது பெரிய வேலை. வடிநீரில் சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டு, பால் மாதிரி திரிந்தால் அமிலம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம், அது நிற்கும் வரை கழுவ வேண்டும். அன்றைக்கு 11 தடவை கழுவினேன். காயவைத்து 600 டிகிரியில் 4 மணி நேரம். மறுநாள் காலை மூசையை எடுத்தபோது உள்ளே உமி உமியாகவே இருந்தது. படகு வடிவம், நுனியின் கூர் எல்லாம் அப்படியே. ஆனால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. ஒரு புள்ளிகூட இல்லை. விரலால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

இனி அரைப்பதைப் பற்றி. இதைத்தான் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன்.

துகள் சிறிதானால் பரப்பு கூடும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். 1 செண்டிமீட்டர் கனசதுரத்தை 1 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் ஆயிரம் துண்டு, பரப்பு 6 சதுர செண்டிமீட்டரிலிருந்து 60 ஆகும். அதனால் உமியையும் நைசாக அரைத்தால் அமிலம் வேகமாக இறங்கும் என்று நினைத்தேன். வீட்டிலிருந்த பழைய மிக்ஸியை எடுத்துப் போய் அரைத்தேன். சில நாட்களில் பிளேடு மழுங்கியது. சிலிக்கா இரும்பைத் தேய்க்கும் என்பதை அந்த மிக்ஸி எனக்குக் கற்றுக்கொடுத்தது. அரைத்த மாவைச் சல்லடைகளில் சலித்து, 75 மைக்ரானுக்கு (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) கீழே போனது, 150, 300, அதற்கும் மேல் என்று பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அமிலத்தில் போட்டேன். நான் எதிர்பார்த்த வித்தியாசம் வரவில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டால் காரணம் தெரிகிறது. அமிலம் உள்ளே ஊடுருவ ஆகும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. தடிமன் பாதியானால் நேரம் கால்பங்கு. மரத்துண்டுக்கோ தேங்காய்ச் சிரட்டைக்கோ இது பெரிய விஷயம், உடைக்காமல் போட்டால் நடுப்பகுதி நனையவே நாளாகும். உமியோ தொடக்கத்திலிருந்தே மெல்லிசு, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். நனைந்துவிட்டால் ஊடுருவச் சில நிமிடம் போதும். ஒரு மணி நேரம் கொதிக்கவைக்கிற இடத்தில் அந்தச் சில நிமிடத்தைச் சில நொடியாக்கி என்ன லாபம்?

உமிக்கு உள்ள சிக்கல் நனைவதுதான். மேல்தோலில் மெழுகுப்பூச்சு, உள்ளே படகு மாதிரி குழி, குழிக்குள் காற்று. அமிலத்தில் போட்டால் பாதி மிதக்கும். இதற்கு மாவாக அரைக்க வேண்டியதில்லை, நெல்லைக் குத்துவது போல ஒன்றிரண்டாக உடைத்தால் போதும். படகு உடையும், காற்று வெளியேறும், மூழ்கிவிடும். மாவாக்கினால் வேறு தொல்லைகள் வரும். வடிதாள் அடைத்துக்கொள்ளும், கழுவும் நீர் இறங்காது, நீர் இறங்காவிட்டால் பொட்டாசியம் போகாது. காயவைத்து மூசையில் போட்டால் அடையாக அமுங்கி, காற்று நுழையாமல் அடிப்பக்கம் கருத்துவிடும். முழு உமி ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து இடைவெளி விட்டுக்கொள்வதால் காற்று தானாகவே போய்வரும். அப்பா கேட்ட "கிளறி விட்டியா" என்பதற்கு அடியில் இருந்ததும் இதுதான்.

பக்கத்து மேசையில் தோழி ஒருத்தி மரத்தூளை வைத்துச் சாயநீரை வெளுக்கும் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். அவளுக்கும் இதே அனுபவம். குடுவையில் போட்டுக் குலுக்கும்போது மிக நைசான தூள்தான் சாயத்தை அதிகமாக உறிஞ்சியது. அதையே நீளக் குழாயில் நிரப்பி மேலிருந்து சாயநீரை விட்டால் தண்ணீர் கீழே இறங்கவே இல்லை. கடைசியில் அவள் கொஞ்சம் பருவெட்டான தூளுக்கே திரும்பினாள்.

ஆகவே என் நோட்டில் நான் எழுதிவைத்த வரிசை இது: முதலில் அமிலம், அப்புறம் நெருப்பு, கடைசியில் அரைப்பு. எரித்து முடித்த வெள்ளைச் சாம்பலை அரைக்கப் பெரிய பலமும் வேண்டாம், அம்மியில் இரண்டு இழுப்பில் மாவாகிவிடும்.

அந்தக் கடைசி அரைப்பு எதற்கு என்பதை காங்கிரீட்டை வைத்துப் பார்க்கலாம். சாம்பலின் பரப்பளவு பெரும்பாலும் உள்ளே இருக்கும் நுண்துளைகளில்தான் இருக்கிறது, வெளியே இல்லை. அரைக்காத சாம்பலைச் சிமெண்டோடு கலந்தால் பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்துவிடும், கலவை வறண்டு போகும். அரைக்கும்போது அந்தக் கூடு உடைந்து தண்ணீர்த் தேவை குறைகிறது, துகள்கள் சிமெண்டு மணிகளுக்கு இடையே போய் அடைகின்றன. சிமெண்டு நீரோடு சேரும்போது வெளிவரும் சுண்ணாம்போடு படிகமாகாத சிலிக்கா வினைபுரிந்து கூடுதல் பிணைப்பைத் தருகிறது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பி. குமார் மேத்தா 1970-களிலேயே இதைப் பற்றி விரிவாக ஆராய்ந்தார். நம் நாட்டுக் காங்கிரீட் தரநிர்ணயமான ஐ.எஸ். 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் உமிச்சாம்பலையும் சேர்ப்புப் பொருளாகக் குறிப்பிடுகிறது. டயர்களில் உமிச்சாம்பலிலிருந்து எடுத்த சிலிக்காவைப் பயன்படுத்தப்போவதாக குட்இயர் நிறுவனம் 2014-ல் அறிவித்தது. மில்லுக்குப் பின்னால் குவிந்து, காற்றில் பறந்து, துணியைக் கெடுத்த அதே பொருள்தான்.

பாட்டிக்குத் துகள் அளவின் அருமை எனக்கு முன்பே தெரிந்திருந்தது. உமிக்கரி செய்வார். உமியைக் குவித்து மூட்டம் போட்டுக் கரியாக்கி, கல்லுப்போடு இடித்து, பழைய வேட்டித் துணியில் சலிப்பார். சலிக்காமல் எடுத்துத் தேய்த்தால் ஈறு கிழிந்துவிடும் என்று எங்களைத் தொட விடமாட்டார். இன்று கடையில் வாங்கும் பற்பசையிலும் தேய்ப்பதற்குச் சேர்ப்பது பெரும்பாலும் நீரேறிய சிலிக்காதான், துகள் அளவைக் கட்டுப்படுத்திச் செய்தது. பாட்டியின் உமிக்கரி கருப்பாக இருக்க வேண்டும், எனக்குச் சாம்பல் வெள்ளையாக வேண்டும். அவர் காற்றை அடைத்தார், நான் காற்றுக்கு வழி தேடினேன்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். படிகச் சிலிக்காத் தூளை வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் தழும்பேறும் சிலிக்கோசிஸ் நோய் வரும். குவார்ட்ஸ், கிறிஸ்டோபலைட் வடிவில் வேலையிடத்தில் சுவாசிக்கப்படும் சிலிக்காவை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997-ல் சேர்த்தது. பாய்லர் அடுப்பு எவ்வளவு சூடாக எரிகிறதோ அவ்வளவுக்குச் சாம்பலில் படிகம் சேர வாய்ப்பு உண்டு. அந்த எக்ஸ்கதிர் வரைபடத்தில் ஊசிமுனையைப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா 25 வருடம் முகத்தில் துண்டு மட்டும் கட்டிக்கொண்டு சாம்பல் வாரியவர். அடுத்த வாரமே அழைத்துப் போய் மார்பு எக்ஸ்ரே எடுத்தோம். கவலைப்பட ஒன்றும் இல்லை என்றார்கள். அவரோடு வேலை பார்த்த எல்லாரையும் அப்படி யாரும் அழைத்துப் போகவில்லை. சாம்பலை வாருவதற்கு முன் தண்ணீர் தெளித்து நனைப்பதும், வடிகட்டி உள்ள முகக்கவசமும் மில் முதலாளிகளுக்குப் பெரிய செலவில்லை. இதை நான் பார்க்கிற எல்லாரிடமும் சொல்கிறேன்.

இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் குறைத்துவிட்டு, மாணவிகளோடு சிட்ரிக் அமிலத்தில் செய்கிறோம். கடையில் லெமன் சால்ட் என்று கிடைக்கிற அதே பொருள். நூற்றுக்கு 5 பங்கு கரைசல், 80 டிகிரி வெப்பம், அப்புறம் நன்றாகக் கழுவுதல். ஜப்பானில் இந்த வழியைச் சோதித்து 99 சதவீதத்துக்கு மேல் தூய்மை கண்டிருக்கிறார்கள். மூச்சை அடைக்கும் புகை இல்லை, கழிவுநீரில் குளோரைடும் இல்லை.

போன வருடம் வெளுத்த சாம்பலைச் சின்னப் புட்டியில் போட்டு அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "மழைல நனைஞ்ச உமியும் இப்பிடித்தான்" என்றார்.

"எப்படிப்பா?"

"ஐப்பசி கார்த்திகைல வெளிய கெடக்குற உமி நனைஞ்சு கெடக்கும். அத காயவெச்சு எரிச்சா அடுப்புல கட்டி பிடிக்காது. சாம்பலும் கொஞ்சம் வெளுப்பா வரும். நாங்க அத தனியா வெச்சுக்குவோம்."

கட்டி என்று அவர் சொன்னது அடுப்புக் கம்பியில் கண்ணாடி மாதிரி உருகி ஒட்டும் கிட்டத்தை. அதுவும் பொட்டாசியத்தின் வேலைதான். மழை பெய்து அலசிய வைக்கோல் கொதிகலனில் கிட்டம் பிடிக்காமல் எரிகிறது என்று கலிபோர்னியாவில் 1990-களில் ஆய்வு செய்தே காட்டியிருக்கிறார்கள். அப்பா அதை அடுப்புக் கம்பியைச் சுரண்டிச் சுரண்டியே தெரிந்துவைத்திருந்தார். என் 7 மாதத்தில் நான் அவரிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான், அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

அவர் சொன்னதை மாணவிகளோடு சோதித்து, மூன்று மூசைகளை அருகருகே வைத்துப் பார்த்தோம். காய்ந்த உமி கருப்புப் புள்ளிகளோடு வந்தது. மழையில் நனைந்தது இளஞ்சாம்பல் நிறம், புள்ளிகள் குறைவு. அமிலத்தில் கழுவியது வெள்ளை. மழைநீர் தண்ணீரில் கரைகிற பொட்டாசியத்தை மட்டும் கொண்டுபோகிறது, நாரோடு ஒட்டியிருப்பதை விட்டுவிடுகிறது. கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம்.

குவியலின் மேலே இருக்கிற உமியிலிருந்து கழுவப்பட்டது அடியில் போய்த் தங்குமா, அல்லது தரைக்குப் போய்விடுமா என்று மாணவி ஒருத்தி கேட்டாள். வரும் ஐப்பசியில் மழை பிடித்ததும் ஆரணிக்குப் போகிறோம். குவியலின் உச்சி, நடு, அடி என்று மூன்று இடத்தில் உமி எடுக்க வேண்டும். எந்தக் குவியல் நன்றாக நனையும் என்பதை அப்பா காட்டுவார். தகரக் கூரையிலிருந்து தண்ணீர் வழியும் பக்கமாக ஒன்று இருக்கிறதாம்.